சிதம்பரத்தில் இருந்த பாதி

மச்சான்,

பீரோவைத் திறந்தால் விபூதி வாசனை வருகிறது. இன்று காலை பென்ஷன் புத்தகத்தை எடுக்கப் போனபோதும் வந்தது.

மஞ்சக்குப்பத்தில் ஒரே அலுவலகத்தில், ஒரே நாளில் ஓய்வு பெற்று மாலை போட்டு அனுப்பப்பட்டவர்கள் நாம். அன்று சாயங்காலம் டீக்கடையில் நீ போட்ட திட்டம், நாம் முப்பது வருடம் பார்த்த அரசாங்கத் திட்டங்களைவிடத் தெளிவாக இருந்தது.

"ரிட்டையர்மென்ட் பணம் பாதிதான் வந்துச்சுன்னு வீட்ல சொல்லு மச்சான். மீதிய சிதம்பரத்துல டெபாசிட் போட்டுடுவோம். இங்க போட்டா எவனாவது தெரிஞ்சவன் இருப்பான்."

எதற்கு என்று கேட்டேன்.

"நாளைக்குப் படுத்துட்டோம்னா? ஆள் வெச்சிப் பாக்கணும்னு புள்ளைங்ககிட்ட கையேந்தணுமா?"

வீட்டில் ரசீது மாட்டிக்கொள்ளக் கூடாது என்று உன்னுடையதை என் பீரோவிலும் என்னுடையதை உன் பீரோவிலும் வைத்தோம். கோப்புகளை மேசைக்கு மேசை மாற்றியே பிழைத்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைப் பார்க்க பஸ் ஏறினோம். வீட்டில் நடராஜர் தரிசனம் என்றோம். திரும்பும்போது பஸ் நிலையக் கடையில் ஆளுக்கொரு விபூதிப் பொட்டலம் வாங்கிக்கொண்டோம். திருப்பாதிரிப்புலியூரில் நம் பக்தியைத் தெருவே மெச்சியது.

பிறகு ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் நீ எழுந்திருக்கவில்லை. ஆள் வைத்துப் பார்க்கும் செலவு உனக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை.

காரியம் முடிந்ததும் உன் ரசீதை உன் மனைவியிடம், எனக்குத் தங்கச்சி முறை, கொடுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மகன் முந்திக்கொண்டான். உன் பீரோவில் என் ரசீதைக் கண்டவன், நான் கடைக்குப் போயிருந்த நேரம் வீட்டுக்கு வந்து, "மாமா பேர்ல இருக்கு அத்தை, அப்பாகிட்ட தங்கிடுச்சு போல" என்று என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நேர்மையான பையன். நீ நன்றாக வளர்த்ததில் எனக்கு வந்த நஷ்டம் அது.

நான் திரும்பியபோது ரசீது மேசைமேல் இருந்தது. பறக்காமலிருக்க அதன்மேல் உப்பு ஜாடி.

"இத்தன வருஷமா நீங்க கும்புட்ட சாமி இதுதானா?" என்றாள்.

பக்கத்தில் என் மகன். "பிளாட்டுக்கு அட்வான்ஸ் கட்ட நான் அலையறது தெரியும்லப்பா? ஒங்களுக்கு முடியலன்னா நாங்க பாக்க மாட்டமா?"

இந்தக் கேள்விக்கு உன் திட்டத்தில் பதில் இல்லை மச்சான். பார்க்க மாட்டாய் என்று எந்த அப்பன் வாய்விட்டுச் சொல்வான்?

உன் ரசீதையும் கொடுத்துவிட்டேன். தங்கச்சி அதைப் படிக்காமலே மகனிடம் நீட்டினாள்.

போன வாரம் நானும் என் மனைவியும் மகனும் சிதம்பரம் போனோம். "இப்பவே முடிச்சா வட்டி கொறையும் சார்" என்றாள் வங்கிப் பெண். மகன் பேனாவைத் திறந்து கொடுத்தான். கையெழுத்துப் போட்டேன்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கோயிலுக்குப் போகாமல் எப்படி என்றாள் மனைவி. "நீங்க முன்னாடி போங்க. ஒங்களுக்குத்தான் வழி தெரியுமே."

கோபுரத்தின் முன்னால் நின்றேன். செருப்பை எங்கே விடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

உள்ளே கொடுத்த விபூதியைத் தாளில் மடித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் பாதியைத்தான் எடுத்துக் கொடுத்தேன். மீதி பீரோவில், உன் ரசீது இருந்த இடத்தில் இருக்கிறது.