இருநூறு வயதுக் குழு

ஜனவரி 8, ஞாயிறு
விடியற்காலை மழை. ஏழரைக்கு நீச்சல் குளம். அப்பா மூத்தோர் நீச்சல் கிளப்பின் செயலாளர். இந்த வருஷம் நேரம் குறிக்கும் வேலை எனக்கு. கையெழுத்து அழகாம்.

உறுப்பினர் எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பார்த்தவை: ஓரக் கால்வாயில் எச்சில். மிதக்கும் பிளாஸ்திரி. வேலிக் கம்பியில் சொட்டச் சொட்ட ஜட்டிகள். டாக்டர் செல்வா மூக்கைத் தண்ணீரிலேயே சிந்துகிறார். அதே கையால் எனக்கு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார். சாப்பிடவில்லை.

மார்ச் 5, ஞாயிறு
நவம்பரில் கோலாலம்பூரில் போட்டி. நால்வர் தொடர் நீச்சலில் வயதைக் கூட்டித்தான் பிரிவு. மொத்தம் இருநூறு ஆனால் மூத்த பிரிவு. அதில் எதிரணிகள் குறைவு. அப்பா 46, டாக்டர் 44, லிம் ஆன்ட்டி 44. இன்னும் 66 வேண்டும். பிலோமினா ஆன்ட்டிக்குச் சரியாக 66! ஓய்வுபெற்ற நர்ஸ். ஐம்பது வயதில் நீந்தக் கற்றவர்.

தேர்வானதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லப்போகிறாராம். உடை மாற்ற அவர் போனதும் டாக்டர் சொன்னார்: "மெதந்து வந்தா போதும்லா. நமக்கு வேண்டியது அவங்க ஐசில இருக்கிற வயசுதான்."

அப்பாவும் சிரித்தார்.

ஜூன் 11, ஞாயிறு
வெயிலே இல்லை. ஐம்பது மீட்டர். பிலோமினா ஆன்ட்டிக்கு ஜனவரியில் 1:31, இன்று 1:52. பத்து நிமிஷம் கம்பியைப் பிடித்தபடி நின்றார். உதடு நீலம். கேட்டதற்கு, வெயில் என்றார். எல்லாவற்றையும் எழுதினேன்.

வீட்டில் அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்தார். 1:33 என்று எழுதச் சொன்னார். எழுதினேன், அதே அழகான கையெழுத்தில். குளத்தில் மிதக்கும் அந்தப் பிளாஸ்திரியே தேவலை.

செப்டம்பர் 3, ஞாயிறு
அறுபதுக்கு மேற்பட்டோர் மருத்துவர் கடிதம் தர வேண்டுமாம். டாக்டர் செல்வா காரின் பானெட் மேல் வைத்தே எழுதிவிட்டார். இதயம் நன்று. நுரையீரல் நன்று. ஆன்ட்டியின் நாடியைக்கூடத் தொடவில்லை. இடது கையில் பாதி தின்ற கறிபாப். கடிதத்தில் எண்ணெய்.

உடை மாற்றும் அறையில் ஆன்ட்டி மட்டும். சொல்லிவிட்டேன். 1:52, கிழித்த பக்கம், ஐசி பேச்சு, எல்லாம்.

நீச்சல் தொப்பியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் தண்ணீரே இல்லை.

"நான் நல்லா நீந்துறேன்னுதான் எடுத்தாங்கன்னு நெனச்சேன் மா," என்றார். பிறகு, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னார்.

செப்டம்பர் 9, சனி
ஆன்ட்டியின் மகள் ஃபோன். இதயக் குழாயில் இரண்டு அடைப்பு. ஆபரேஷன். கோலாலம்பூர் போயிருந்தால் தண்ணீரிலேயே போயிருப்பார் என்றார்களாம்.

அப்பாவிடம், சொன்னது நான்தான் என்றேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார், கை கழுவினார், யாருக்கோ ஃபோன் போட்டார். "சுங்கை பாக்காப்ல ஒரு பெரியவர் இருக்காராமே? நீச்சல் கெடக்கட்டும், மொதல்ல வயசச் சொல்லுங்க."

வரலாறு பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு
சுங்கை பாக்காப் பெரியவருக்கு 63தானாம். யாரும் போட்டிக்குப் போகவில்லை. அப்பா இரண்டு மாதம் கழித்து இன்றுதான் என்னோடு பேசினார்: "கெளம்பு, ஆன்ட்டியப் பாத்துட்டு வரலாம்."

பாயான் பாருவில் ஆன்ட்டி வீடு, மூன்றாவது மாடி. ஆன்ட்டி மெலிந்திருந்தார். கழுத்துக்குக் கீழே தையல் தழும்பு. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். அப்பா ஆப்பிள் பையை மகளிடம் கொடுத்தார். மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன்.

"அடுத்த வருஷம் ஒங்களுக்கு அறுபத்தேழு ஆயிடும் ஆன்ட்டி. கூட்டிப் பாத்தேன், எரநூத்தி நாலு வருது. நாலு வயசு மிச்சம்லா."

ஆன்ட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் ஆப்பிள் பையை அப்பாவின் கையிலேயே திரும்ப வைத்து, கதவைத் திறந்துவிட்டாள்.