நான்காம் தொட்டிக்குப் போட்ட உப்பு

மே 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நான்காம் தொட்டி வெளுத்திருந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். போனில் சொல்லலாம் என்றால் எனக்கு வார்த்தை வராது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சாயப் பட்டறைக் கழிவுநீரில் கந்தகம் கலந்த ஒரு நச்சு இருக்கிறது. பச்சைப் பாசியை விட்டு அதைத் தின்ன வைக்கத்தான் ஆய்வுக்கூட மேடம் வந்திருக்கிறார். மூன்று தொட்டிகளில் பாசி வளர்க்கிறோம். நான்காவதில்தான் கழிவுநீரை நிரப்பி அந்தப் பாசியை விட்டிருக்கிறோம். கலக்கிவிடுவதும் கழுவுவதும் என் வேலை.

வெளுத்த பாசியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெளுத்த இலைக்குத் தோட்டக்காரர் போடும் எப்சம் உப்பில் இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நான்கே நாளில் கிளிப்பச்சை! நாள் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை அந்தத் தொட்டிதானே. அப்புறம் தினமும் போட்டேன்.

நேற்று மேடம் நீரைச் சோதித்தார். நச்சு துளியும் குறையவில்லை.

"நல்லா கொழுகொழுன்னு வளந்திருக்கு. ஒரு வேலையும் செய்யல," என்றார்.

"நம்ம மேனேஜர் மாதிரின்னு சொல்லுங்க," என்றார் பைப் ஃபிட்டர் அண்ணன்.

மேடம் சிரிக்கவில்லை. பாசிக்குக் கந்தகம் வேண்டுமாம். வேறெங்கும் கிடைக்காதபோதுதான் நச்சை உடைத்து அதிலிருந்து எடுத்துக்கொள்ளுமாம். "வேற கந்தகமே நான் குடுக்கலையே, எங்க தப்பு பண்ணேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த உப்பில் என்ன இருக்கிறது என்று தோட்டக்காரரிடம் கேட்டேன். "கந்தகமும் இருக்கும்மா," என்றார்.

இருபத்தைந்தாம் தேதி முதலாளி வருகிறார். பாசி வேலை செய்யவில்லை என்றால் மேடத்தை அனுப்பிவிடுவாராம். நான் சொல்லிவிடட்டுமா அம்மா? சொன்னால் என் வேலை போய்விடும், பட்டறையில் கொடுத்த இந்த அறையும் போய்விடும்.

உன் மகள்

மே 13

என் தங்கத்துக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எழுத்தெல்லாம் இளைத்திருக்கிறது.

வாயைத் திறக்காதே கண்ணு. அந்த அம்மா படித்தவர், வேறு இடம் கிடைக்கும். உனக்கு யார் இருக்கிறார்கள்? மாமா வீட்டில் பட்டது போதாதா? நீ அங்கே இல்லை என்ற தைரியத்தில்தான் நான் இவ்வளவு தூரத்தில் வீட்டு வேலை பார்த்துக் காலம் தள்ளுகிறேன். நான் பார்த்துக்கொள்ளும் இந்த வீட்டுக் குழந்தை இப்போது என்னை அம்மா என்கிறது. திருத்த மனசு வரவில்லை.

இன்னும் இரண்டே வருஷம்.

அம்மா

மே 28

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் இருபத்திரண்டாம் தேதி கிடைத்தது. நான்கு முறை படித்தேன். மறுநாள் காலை மேடத்தின் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"என்னம்மா, தண்ணி வரலையா?"

"நாலாம் தொட்டியில உப்பு போட்டது நான்தான் மேடம்."

ஏழு மாதத்தில் நானாக அவரிடம் பேசியது அது ஒன்றுதான். அவர் குரல் உயரவில்லை. எவ்வளவு, எந்தெந்த நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "வெளுத்துப் போச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே," என்றார்.

முதலாளி அவருக்கு மூன்று மாதம் கூடக் கொடுத்தார். என்னைப் போகச் சொன்னார். மேடம் எனக்காகப் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

நீ சொன்னதைக் கேட்கவில்லை. அந்தக் குழந்தை உன்னை அப்படியே கூப்பிடட்டும். எனக்குக் கோபமில்லை.

நேற்று அறையைக் காலி செய்தேன். இந்த உறையின் பின்பக்கத்தில், அனுப்புநர் இடத்தில், மாமா வீட்டு முகவரியை எழுதினேன்.

உன் மகள்