வடக்கு வாசலைத் திறந்தது நான்தான்

பிப்ரவரி 25, ஞாயிறு

பேத்தி காலையிலிருந்து உலகத்தை அழித்துக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டு மேசை முழுக்க அட்டை, கலர் பென்சில், கண்டபடி முகம் வைத்த பகடைகள். தட்டு வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துச் சாப்பிட்டேன்.

வெளியூரிலிருந்து மகள் போன் பண்ணினாள். என்ன பண்றீங்க என்றாள். "உன் பொண்ணு உலகத்தை அழிக்கிறா, நான் துணி மடிக்கிறேன்" என்றேன். "சரி, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஆட்டம் எனக்கு இன்றுதான் கொஞ்சம் புரிந்தது. தாயம் மாதிரி கட்டம் கிடையாது. ஒருத்தர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். "நான் சுவர் ஏறுறேன்" என்று சொன்னால் பகடை உருட்ட வேண்டும். நல்ல எண் விழுந்தால் ஏறினான். விழாவிட்டால் இடுப்பு போச்சு.

இத்தனை நாளும் ராஜா, மந்திரவாதி, டிராகன் என்றுதான் ஆடினார்கள். கதை சொன்னது சோடாபுட்டி. (பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கண்ணாடி அவ்வளவு தடிமன்.) பேத்திக்கு அது சலித்துவிட்டது. உலகம் அழிந்த பிறகு மிச்சமிருக்கிற ஒரு ஊரை இவளே எழுதியிருக்கிறாள். ஒரே கிணறு, சுற்றிலும் தகரச் சுவர், வடக்கே ஒரு வாசல்.

"இதுல பூதம் பிசாசு ஒண்ணும் கிடையாது பாட்டி. பக்கத்துல நிக்கிறவன் தண்ணி பாட்டிலை என்ன பண்ணுவான்கிறதுதான் பயமே" என்றாள்.

எனக்கு வேறு சந்தேகம். உலகம் அழிந்த பிறகு எல்லாரும் தோல் சட்டை போட்டுத் திரிவதாகப் படம் வரைந்திருக்கிறாள். யார் தைத்துக் கொடுக்கிறது? கேட்டேன். முறைத்தாள். அப்புறம் ரப்பர் எடுத்து இரண்டு சட்டையை அழித்தாள்.

மார்ச் 1, வெள்ளி

பேத்தி சரியாகத் தூங்கவில்லை போல. கண் வீங்கியிருக்கிறது. கேட்டதற்கு மெதுவாகச் சொன்னாள். புது ஆட்டத்தைப் போன வாரம் ஆடிப் பார்த்தார்களாம். சோடாபுட்டி தண்ணீரே இல்லாத ஊரில் புதையல் எங்கே என்று தேடினானாம். கூட ஆடும் நர்ஸ் பெண் கொட்டாவி விட்டாளாம்.

"இன்னும் ரெண்டு ஞாயிறு பாக்கலாம், பிடிக்கலன்னா பழையபடி டிராகனுக்கே போயிடலாம்னு சொல்லிட்டாங்க பாட்டி."

வேலை செய்கிற இடத்தில் இவளுக்குப் பேச்சுத் துணை பிளாஸ்டர் அச்சுகள்தான். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவள் உட்கார்ந்து பல் செய்வாள். இந்தத் தெருவில் பாதிப் பேர் சிரிப்பது என் பேத்தியின் கைவேலை என்று நான் எல்லாரிடமும் சொல்லித்தான் வருகிறேன். ஆனால் இந்த ஊருக்கு வந்து அவள் சிரிப்பதை நான் பார்த்தது அந்த மேசையில் மட்டும்தான். அதுவும் போய்விட்டால்?

நாலாவது ஆள் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள். நாற்காலி காலி. நான் உட்காருகிறேன் என்றேன்.

"உங்களுக்கு ஆட்டம் தெரியாதே பாட்டி."

"எனக்கு உன்னைத் தெரியும்டி, போதும்."

மார்ச் 3, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று பேரும் வந்தார்கள். சோடாபுட்டி, நர்ஸ் பெண், லிஃப்ட் மெக்கானிக். எனக்கு டாக்டர் வேஷம் வேண்டும் என்றேன். அதற்கு அறிவு எவ்வளவு என்று பகடை உருட்ட வேண்டுமாம். உருட்டினேன். இருபதுக்கு ஐந்து. நான் ஐந்தாம் கிளாஸோடு நின்றது அந்தப் பகடைக்கு யார் சொன்னது? உலகம் அழிந்த பிறகும் படிப்பு கேட்கிறார்கள்!

வாசல் காவல்காரி வேலை கிடைத்தது. சாவி என் கையில். பரவாயில்லை, அதிகாரம்தானே.

கொள்ளைக்கூட்டம் வந்தது. அதற்குக் குரல் கொடுப்பது பேத்தி. மடித்து நிறுத்திய அட்டைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பக்கம் மூன்று பேரும் தலையோடு தலை சேர்த்து, எங்கே ஒளியலாம், எப்படி அடிக்கலாம் என்று குசுகுசுவென்று பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுல, என் மேசையில, என் பேத்தி ஒருத்தியை மூணு பேர் சேந்து மடக்குவாங்களாம், நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமாம்!

"காவல்காரி, நீங்க என்ன பண்றீங்க?" என்று பேத்தி கேட்டாள்.

"கதவைத் திறக்கிறேன்."

"பாட்டி?"

"நல்லா அகலமா திறக்கிறேன். உள்ள வாங்கப்பா, கிணறு வலது பக்கம்."

அவளுக்குக் கண்ணும் அடித்துக் காட்டினேன்.

கிணற்றுத் தண்ணீர் போயிற்று. நர்ஸின் மருந்துப் பெட்டி போயிற்று. மெக்கானிக் கஷ்டப்பட்டு ஓடவைத்த மோட்டார் போயிற்று. சோடாபுட்டி எழுந்து நின்று, "இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்றான். ஊற்றி வைத்த டீயைத் தொடாமல் போய்விட்டான். மற்ற இருவரும் பின்னாலேயே.

"ஏன் பாட்டி இப்படிப் பண்ணீங்க?"

"உன்னை ஜெயிக்க வெச்சேன்டி."

"ஐயோ, நான் ஜெயிக்கிறதுக்கு அங்க உக்காரல பாட்டி!"

"அப்புறம் எதுக்கு உக்காந்திருக்க?"

"அவங்களுக்குக் கஷ்டம் கொடுக்க. அதுல அவங்க என்ன பண்றாங்கன்னு பாக்க. கதை சொல்றவ யாருக்கும் எதிரி இல்ல."

இதை முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

மார்ச் 4, திங்கள்

பேசவில்லை. பல் தேய்க்கும்போதுகூட முதுகைக் காட்டிக்கொண்டு தேய்க்கிறாள்.

மார்ச் 6, புதன்

எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பார்க்க மெக்கானிக் வந்திருந்தான். பார்க்காத மாதிரி படியில் இறங்கலாம் என்றால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"பாட்டிம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏன் திறந்தீங்க? மூணு நாளா மண்டைய குடையுது. ஸ்பேனரைக் கையில வெச்சுக்கிட்டு அதையேதான் யோசிக்கிறேன்."

ஆட்டம் புரியாமல் திறந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பகடை சொன்னது சரிதான் என்று இவனும் நினைக்கவா? நிமிர்ந்து நின்று, "காரணம் இருக்கு. அதை லிஃப்ட்ல நின்னு சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை மேசையில வெச்சு சொல்றேன்" என்றேன்.

அவன் கண் விரிந்தது. "அவங்க ரெண்டு பேரையும் இழுத்துட்டு வர்றேன்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். என்ன காரணம்? ஒரு காரணமும் இல்லையே!

மார்ச் 7, வியாழன்

பேத்தியிடம் ஒப்பித்தேன். நாலு நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"சோடாபுட்டி காலையிலேயே மெசேஜ் பண்ணிட்டான், காவல்காரியை விசாரிக்கணுமாம். அந்தக் காரணத்தை எங்கிட்டகூட சொல்லாதீங்க பாட்டி, அங்கயே சொல்லுங்க."

இருந்தால்தானே சொல்வதற்கு!

மார்ச் 9, சனி

கொள்ளைக்காரன் லஞ்சம் கொடுத்தான் என்று சொல்லலாமா? சீ, நான் வாங்குவேனா. தூக்கக் கலக்கம் என்று சொல்லலாமா? அதற்குப் புரியவில்லை என்றே சொல்லிவிடலாம்.

மார்ச் 10, ஞாயிறு

யாரும் பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை. சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சொல்லுங்க பாட்டி. காரணம் சரியா இல்லைன்னா அடுத்த வாரம் டிராகன்தான்" என்றான். அட்டைக்கு மேலே பேத்தியின் கண் மட்டும் தெரிந்தது.

அப்போது பார்த்து என் போன் அடித்தது. மகள். திரையில் அவள் முகம். போனைக் கவிழ்த்து வைத்தேன். வாய் தானாகவே சொன்னது: "அந்தக் கூட்டத்துல வந்தது என் மக."



பேத்தி அட்டைக்குப் பின்னாலிருந்து, கொள்ளைக்காரக் குரலில் இல்லை, சின்னக் குரலில் கேட்டாள். "இருட்டுல நான்தான்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"உன் நடை எனக்குத் தெரியாதா?" என்றேன். சத்தியமாக அப்போது நான் நடிக்கவில்லை.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

"நானா இருந்தாலும் திறந்திருப்பேன்" என்றாள் நர்ஸ்.

"திறந்திருப்ப. கிணறு எந்தப் பக்கம்னு காட்டியிருப்பியா? அங்க குடிக்கத் தண்ணி இல்லாம ஊரே கிடக்கு!" என்று சோடாபுட்டி கத்தினான். போன மாதம் புதையல் தேடிய ஆள்.

மெக்கானிக் மட்டும் என்னைப் பார்த்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? மூணு பேரும் சேந்து அவளை மட்டும் உள்ள இழுத்திருப்போமே" என்றான். அவன் குரலில் நிஜமாகவே வருத்தம். பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.

கடைசியில் கை தூக்கினார்கள். என்னை ஊரை விட்டு அனுப்ப இரண்டு கை, கூடாது என்று ஒரு கை. நான் பேத்தியைப் பார்த்தேன். எனக்காக ஏதாவது சொல்வாள் என்றுதான் பார்த்தேன்.

"ஊர் முடிவு. காவல்காரி வெளிய போறாங்க. கதவு மூடுது" என்றாள். குரல் கொஞ்சம்கூட ஆடவில்லை.

ஒரு நிமிஷம் கோபம் வந்தது. அந்த ஒரு நிமிஷம்தான்.

எழுந்து போனால், வாசலில் எதிர்வீட்டுத் தையல்காரி நிற்கிறாள். "ஒரே சத்தமா இருக்கே பாட்டி, யாரையோ வெளிய போகச் சொல்றாங்க?"

"என்னைத்தான். தீர்ப்பு சொன்னது என் பேத்தி. எப்படிச் சொன்னா பாத்தியா? கொஞ்சம் தள்ளி நில்லு, மிச்சத்தையும் கேக்கணும்."

மார்ச் 17, ஞாயிறு

சோடாபுட்டிதான் முதலில் வந்தான். வழக்கத்துக்கு முன்னாலேயே. நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன், கதவு திறந்திருந்தது.

இன்றைக்குக் கிணற்றில் மிச்சமிருக்கிற தண்ணீருக்கு முறை வைப்பார்கள் என்று பேத்தி நினைத்திருந்தாள். அதற்காக ராத்திரி எல்லாம் எழுதி வைத்திருந்தாள். அவன் உட்கார்ந்ததும், "நான் சுவருக்கு வெளிய போறேன்" என்றான்.

"எதுக்கு?" என்றாள் நர்ஸ்.

"காவல்காரியைத் தேட. அந்தப் பொண்ணையும்."

"துரத்த கை தூக்கினதே நீதானேடா!"

"தூக்கினேன். அதனாலதான் நான் போகணும்."

"நானும் வர்றேன்" என்றான் மெக்கானிக். "டார்ச் இருக்கு."

"வெளிய போனா திரும்ப முடியாமலும் போகலாம்" என்றாள் பேத்தி. அவள் எழுதி வைத்த தாள்களை ஓரமாகத் தள்ளும் சத்தம் கேட்டது. "எந்தத் திசையில போறீங்க?"

பகடை உருண்டது.

எனக்குத் தெரியும், காவல்காரி எங்கே போயிருப்பாள் என்று. ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. டீயை மூடி வைத்துவிட்டு நின்று கேட்டேன்.

தேடட்டும்.