வெளியே போட்ட வால்வு கியர்

1923 மார்ச் 6
புதிய ரயில் எஞ்சினில் வால்வு கியரை எங்கே வைப்பது? வரைகூடத்தில் இன்று அதுதான் பேச்சு. உருளைக்குள் நீராவியை விட்டு வெளியேற்றும் அந்தக் கம்பிகளைச் சக்கரங்களுக்கு வெளியே வைக்கலாம் என்றேன். தலைமைப் பொறியாளர் ஓல்ராய்ட் கண்ணாடியைக் கழற்றினார். "உள்பாவாடை தெரிய நடக்கிற எஞ்சினை நான் செய்யமாட்டேன், விட்டேக்கர்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒளித்துவைத்தால்தான் இங்கே அழகு. அழகுக்கு எண்ணெய் போடுவது யார்?

மார்ச் 7
என் பெயர் இப்போது 'பாவாடை'. மதியம் தனியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 15
நான் தங்கியிருக்கும் வீட்டின் மாடி அறையில் இருக்கும் சேத் கார்சைடு எஞ்சின் டிரைவர். இடுப்பு வலி, எஞ்சினுக்கு அடியில் நுழைந்து உள் கியருக்கு எண்ணெய் போட முடியவில்லை. "இப்போதைக்கு கரி அள்ளிப்போடுற ஃபயர்மேன் எனக்காக நுழையிறான், தம்பி. எஞ்சின் ஷெட் மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வேலை போச்சு. ஹல் ஊர்ல மக வீட்டுக்குப் போய்க் கெடக்கவேண்டியதுதான்."

இந்த ஊரில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். வெளிக் கியரை அவருக்காகக் கேட்கிறேனா, எனக்காகவா? எனக்காகவும்தான்.

மே 2
அச்சுத் தாங்கிகளை அகலமாக்கச் சொன்னவர் ஓல்ராய்டேதான். அகலமாக்கினால் உள்ளே எலி நுழையவும் இடமில்லை. வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "சரி, வெளியே போடு. மேல தகடு வச்சு மூடிடு."

"மூடினா எண்ணெய் போடக் கை போகாது சார்."

"அப்ப அம்மணமாவே ஓடட்டும்" என்று போய்விட்டார்.

வென்றுவிட்டேன். யாரும் கைகொடுக்கவில்லை.

1924 ஜூன் 12
முதல் எஞ்சினை வெள்ளோட்டம் விட்டவர் சேத். எண்ணெய்க் குப்பியோடு சுற்றிவந்தார். "நிமிர்ந்து நின்னே போடுறேன் பாரு தம்பி. உன் பாவாடை நல்லா இருக்கட்டும்."

ஜூன் 20
இந்த வகை எஞ்சின்கள் எல்லாம் தூரத்துக் கார்லைல் ஊர் ஷெட்டுக்காம். சேத்தும் அவற்றோடு அங்கே மாற்றல் கேட்டிருக்கிறார்.

"ஹல்லுக்குப் போனா நான் கெழவன். கார்லைலுக்குப் போனா டிரைவர்."

போகாதீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. உருளைக்கிழங்கை அவர் பக்கம் தள்ளினேன்.

ஜூன் 30
காலையில் சேத் அந்த எஞ்சினை ஓட்டிக்கொண்டு போனார். வரைகூட ஜன்னலில் எல்லோரும் கூடினார்கள். எனக்கும் இடம் விட்டார்கள். "அவ்வளவு மோசமா இல்லையே" என்றார் ஓல்ராய்ட்.

சேத் எஞ்சினின் மறுபக்கம் நின்றிருந்ததால் முகம் தெரியவில்லை. என் கம்பிகள்தான் தெரிந்தன, வெயிலில், ஒன்றுவிடாமல்.