அக்கா மகள் கேட்ட மூன்றாவது பொருள்

மார்ச் 3

சத்தியம் செய்து தொடங்குகிறேன்: இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். ஷாக்மர்தான் ஆகிய நான், ஏழு மாவட்டத்துக் கல்யாண மேடைகளை வாயாலேயே நடத்தும் மாபெரும் அசாபா. போன இலையுதிர்காலத்தில் என் வாழ்த்துரை கேட்டு மாப்பிள்ளையின் குதிரை விக்கி விக்கி அழுதது.

இன்று ராபிகா அக்கா வீட்டில் செய்தி. மாற்றுத்திறனாளி வாழ்க்கை பற்றி இளைஞர்களுக்குக் கவிதைப் போட்டியாம். அக்கா மகள் இங்கார் பத்து வரி எழுதியிருக்கிறாள். பதினேழு வயது, பிறவியிலிருந்து மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி. சொற்கள் ஒவ்வொன்றாக, நேரமெடுத்துத்தான் வரும். தட்டச்சு செய்து அனுப்பும் பொறுப்பு எனக்கு.

"அப்படியே அனுப்புங்க மாமா."

அப்படியேவா?

மார்ச் 4

ஒரு கழுகு சேர்த்தேன். கழுகுக்கு மலை வேண்டாமா? மலைக்குப் பனி? நாற்காலி பறந்தது. நாற்பது வரி. அனுப்பிவிட்டேன். என் எழுத்துக்கு நானே அழுதேன்.

மார்ச் 19

தேர்வாகிவிட்டது! ஏப்ரல் ஆறு, மேடையில் வாசிக்க வேண்டும். எழுதியவர் சார்பாக வேறொருவரும் வாசிக்கலாமாம். வேறொருவர் யார்? மீசையை முறுக்கிக்கொண்டேன்.

மார்ச் 20

மாட்டிக்கொண்டேன். தேர்வான கவிதைகளை இணையத்தில் போட்டுவிட்டார்கள். இங்கார் படித்துவிட்டாள்.

"கழுகு யாரு மாமா?"

"அது... சும்மா ஒரு அழகுக்குத்தாம்மா."

"நான் பறக்கணும்னு எழுதல. நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாராச்சும் உட்காரணும்னு எழுதினேன்."

இந்த ஒரு வாக்கியத்தையே நான் நடுவில் இரண்டு தரம் முடித்து வைக்கப் பார்த்தேன். இரண்டும் தப்பு.

மார்ச் 21

இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், காரைக் கழுவினேன். சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 22

அவளே அமைப்பாளர்களிடம் தொலைபேசியில் பேசிவிட்டாள். லைன் சரியில்லை என்று இரண்டு தரம் வைத்துவிட்டார்களாம். மூன்றாம் தரம் கேட்டார்கள். அவளுடைய பத்து வரியையே வாசிக்கலாம். ஆனால் மூன்று நிமிடம். தாண்டினால் மணி அடிப்பார்கள், மதிப்பெண் போகும்.

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அவளுக்கு ஐந்தரை நிமிடம். எனக்கு நாற்பது வினாடி. வாயைத் திறக்கப் போனேன் —

"எனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு மாமா."

கார்ச்சாவியைப் பைக்குள் தள்ளினேன். அக்கா பிள்ளை கேட்டால் தாய்மாமன் மூன்று தரம் மறுக்காமல் கொடுக்க வேண்டும். மறுத்தவன் எங்கள் ஜனங்களிடையே தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஆறு வயதில் குதிரைக்குட்டியை வாங்கிவிட்டாள். பன்னிரண்டில் என் ஓநாய்த்தோல் தொப்பி. இப்போது காரா?

"உங்க நாக்கு. ஆறாம் தேதி, ஒரு நாளைக்கு."

"அடியே, காரைக் கேட்டிருக்கலாமே!"

"காரை விட அதுதான்டா அதிகம் ஓடியிருக்கு," என்றாள் அக்கா.

கொடுத்தேன். என்ன செய்ய?

ஏப்ரல் 6

பத்தாயிரம் பேர் கூடிய மண்டபம். முன்னெச்சரிக்கையாக வாயில் ஒரு குர்ட் உருண்டையைப் போட்டுக்கொண்டேன். எங்கள் உப்புத் தயிர்க்கட்டி, காய்ந்தால் கல். அது கரைவதற்குள் ஒரு அரசாங்கம் கவிழ்ந்துவிடும்.

ஆறாம் வரியில் மணி அடித்தது. இங்காரின் வாய் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தது. மணிக்காரர் என்னைப் பார்த்தார். அக்கா என் தொடையைக் கிள்ளினாள்: "நாலே வரிதானடா, நீ சொல்லி முடி! மார்க்கு போகுது!" நாலு வரியும் என் பல்லுக்குப் பின்னால் கட்டவிழ்த்த குதிரைகளாக நின்றன. மறுபடி மணி. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள்.

இங்கார் என்னைப் பார்த்தாள்.

குர்ட்டைக் கடித்தேன். கடைவாய்ப்பல் போச்சு.

ஏழாம் வரி வந்தது. எட்டு. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பத்தாவது வரி: "வந்துவிட்டேன். இன்னும் இருக்கிறீர்களா?"

முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இருக்கோம்!"

நான் இல்லை. என் வாயில் குர்ட்.

ஏப்ரல் 7

பரிசு இல்லை. முதல் பரிசு வேறொரு பையனுக்கு. அவன் கவிதையில் — தெரியுமா — கழுகு!

இங்கார் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 12

பல் வைத்தியரிடம் போய்வந்தேன். அக்கா வீட்டில் தேநீர். இங்கார் ஏதோ சொல்லத் தொடங்கினாள். கிண்ணத்துத் தேநீரில் ஆடை கட்டியது.

"மாமா... நாக்கைத் திருப்பித் தரட்டுமா?"

"அவசரமில்லை," என்றேன்.

இப்போது உண்மை: மாப்பிள்ளையின் குதிரை அழவில்லை, அதற்குச் சளி. மண்டபத்தில் எண்பது நாற்காலி, பாதி காலி. பல்லும் ஏற்கெனவே சொத்தைதான். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம்: அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாமல், ஆறிய தேநீரோடு கடைசிச் சொல் வரை உட்கார்ந்திருந்தேன்.