ஆண்கள் குழு வாங்கும் மூச்சு

12-2-1974, மரக்காணம்
அளத்தில் உப்பு வாரத் தொடங்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போகவில்லை. பல்கலைக்கழக ஆண்கள் பாட்டுக் குழுவுக்கு இது வெள்ளி விழா ஆண்டு. அதன் வரலாற்றை எழுதுகிற ராஜாங்கம் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். இவர் அங்கே விரிவுரையாளராக இருந்து குழுவைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த மாணவர் ராஜாங்கம்.

"உப்பளப் பாட்டுல 'வெயிலே'ன்ற வார்த்தைய நடுவுல ஒடைச்சு மூச்சு வாங்குறோமே, அது ஏன் சார்?"

"அலை திரும்புற நேரம்பா அது. யோசிச்சு வெச்சேன்" என்றார் இவர்.

காபியோடு நின்றிருந்தேன். அலையா? மெட்டுப் போட்டவள் நான். பெண்களுக்குக் குழுவில் இடமில்லை. எங்கள் வீட்டு ஹாலில் பையன்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். வயிற்றில் ஏழு மாதம் — அந்தச் சொல்லில் மூச்சு முட்டியது, நிறுத்தி இழுத்தேன். அதையும் பாட்டென்று பிடித்துக்கொண்டார்கள். இன்றுவரை அத்தனை ஆண்பிள்ளைகளும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் மூச்சைத்தான் வாங்குகிறார்கள்.

கிளம்பும்போது ராஜாங்கம் தணிந்த குரலில் சொன்னார்: "நீங்க சொல்லிக்குடுத்தது எனக்குத் தெரியாதா அண்ணி? கண்டிப்பா எழுதறேன்."

13-2-1974
இந்த வயதில் அச்சில் என் பெயரைப் பார்க்க இவ்வளவு ஆசையா? வெட்கமாக இருக்கிறது. ஆசைதான்.

20-6-1974
புத்தகம் வந்தது. அலைக்கு ஒரு முழுப் பக்கம். இவர் கடலைப் பார்த்து நிற்கும் படம் வேறு — கடல் காற்று பட்டாலே சளி பிடிக்கிற மனுஷன். என்னைத் தேடினேன். 'ஒத்திகை நாட்களில் சலிக்காமல் காபி கொடுத்த திருமதி தேவநாதன்.' வசந்தா என்றுகூட இல்லை.

தபாலாபீஸ் போய் ராஜாங்கத்துக்கு ட்ரங்க் கால் போட்டேன்.

"எழுதித்தான் வெச்சிருந்தேன் அண்ணி. ஆண்கள் குழுவுக்குப் பொம்பள சொல்லிக்குடுத்தான்னா பசங்க கேலி பண்ணுவானுங்கன்னு சார்தான் எடுக்கச் சொன்னாரு."

இவரா. எடுக்கச் சொல்லிட்டு வந்து என் கையால சோறு துன்னாரே. எப்படி எறங்குச்சு?

2-8-1974
வெள்ளி விழாவுக்குப் புதுப் பாட்டுத் தருவதாக இவர் ஒப்புக்கொண்டிருக்கிறாராம்.

"நாலு வரிக்கு ஒரு மெட்டு போடேன் வசந்தா. உனக்கென்ன, கொழம்பு கொதிக்கிறதுக்குள்ள வந்துடும்."

"காபி வேணா போட்டுத் தரேன்" என்றேன்.

10-8-1974
காலையிலிருந்து ஹார்மோனியத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை.

8-9-1974
விழா முடிந்து வந்தார். பழைய பாட்டையே பாடினார்களாம். பொன்னாடையை மடித்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

புது மெட்டு எனக்கு வந்து மூன்று வாரம் இருக்கும். நன்றாக வந்திருக்கிறது. அளத்துப் பக்கம் தனியாக நடக்கும்போது முழுக்கப் பாடிவிடுகிறேன்.

"என்னமோ முணுமுணுத்தியே?" என்றார் சற்றுமுன்.

"ஒண்ணுமில்லீங்க."