கொழுப்புக்கு வில்லன் வேடம்

ஜூன் 9, திங்கள்
பெயர்ப்பலகை எழுதும் இந்தப் பொற்கரம் இன்று நாடகமும் எழுதியது. அக்கா மகள் வாண்டுவின் இரண்டாம் வகுப்புக்கு, உடம்பு எதனால் ஆனது என்று ஒரு குட்டி நாடகம் வேண்டுமாம். சர்க்கரை ஓடியாடும் வீரன். புரதம் கொத்தனார். டி.என்.ஏ., வரைபடத்தை விட்டுக்கொடுக்காத மேஸ்திரி. கொழுப்பு, மூலையில் குறட்டை விடும் வில்லன். வில்லன் இல்லாமல் நாடகமா! உலகமே எழுந்து நின்று கைதட்டப்போகிறது.

ஜூன் 11
“கொழுப்பு யாரு?” என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள், வகுப்பே எங்கள் கொழுகொழு வாண்டுவைக் கைகாட்டியதாம்.

ஜூன் 12
காலையில் ரொட்டியில் தடவிய வெண்ணெயைச் சுரண்டி ஓரம் வைத்தாள். இரவு தட்டையே தொடவில்லை.
“எனக்குள்ள வில்லன் நிறைய இருக்கானா மாமா?”
வானத்தை வில்லாக வளைக்கிறவன் நான்— அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.
அக்கா விடுவாளா? “வில்லன் வேணும்னா உன்னையே போட்டுக்க வேண்டியதுதானேடா? குழந்தை பட்டினி கிடக்கா!”
வாஸ்தவம். இப்ப என்ன பண்றது?

ஜூன் 13
டீச்சரிடமே சரணடைந்தேன். “பிரமாதமா எழுதிட்டீங்க சார். ஆனா உடம்புல ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் சுவர் மாதிரி இருக்கிற சவ்வே கொழுப்பாலதான்.”
சுவரா! வீடே இல்லாமல் அத்தனை பேரையும் குடிவைத்துவிட்டேனே!

ஜூன் 14, சனி
சமையலறையில் மாபெரும் ஆய்வுக்கூடம் திறந்தேன்: ஒரு கிண்ணம் தண்ணீர், நாலு சொட்டு எண்ணெய். வாண்டு கரண்டியால் கடலையே கடைந்தாள். எண்ணெய் மசியவில்லை.
“கலக்கவே மாட்டேங்குது மாமா!”
“அந்த வீம்புதான் வேணும். உடம்பு பூரா தண்ணி. சர்க்கரையை வெச்சுச் சுவர் கட்டினா?”
“கரைஞ்சிடும்.”
“அப்ப யாரைக் கூப்பிடணும்?”
எண்ணெய்ப் பொட்டு ஒன்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சாப்பிடும்போது வெண்ணெய் பக்கம் திரும்பவில்லை.
உட்கார்ந்து வில்லனைத் தீர்த்துக்கட்டி, கொழுப்பைச் சுவராக்கி எழுதினேன். எழுதியவனுக்கு அந்த உரிமை உண்டு.

ஜூன் 20
மேடையில் வாண்டுவின் தலைமையில் ஆறு பேர் கைகோத்து வட்டம். உள்ளே சர்க்கரை, புரதம், டி.என்.ஏ. சர்க்கரைப் பயல் ஓடுகிற வேகத்தில் வட்டத்தை முட்டினான். அவள் அசையவில்லை.
“டேய், நான் கையை விட்டா நீங்க எல்லாரும் வெளிய கொட்டிப்போவீங்க!”
நான் எழுதிய வசனமே இல்லை அது.
கைதட்டலில் கூரை பிய்த்துக்கொண்டு அடுத்த தெருவில் விழுந்தது. (அக்கா: “ஒரு ஓடுகூட அசையலடா.”)

ஜூன் 21
காலை. ரொட்டியின் நாலு மூலைக்கும் வெண்ணெய்.
“என்னடி, இவ்வளவு?”
“சுவருக்குப் பூச்சு வேலை நடக்குது. பேசாம இருங்க மாமா.”
சித்தாளாக வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து நீட்டினேன்.